கீழே என்றொரு திசை

ஜெஸ்கஸ்கானுக்குத் தென்கிழக்கே
வண்டிகளை நிறுத்திக் காத்திருந்தோம்.
எஞ்சின் சூடு ஆறுவதற்குள்
தேநீர் ஆறிவிட்டது.

பதினோரு வருடமாக
விண்ணிலிருந்து வருபவர்களைத் தூக்கி இறக்குகிறேன்.
மேலே பூமியின் இழுப்பே கிடையாது என்றுதான்
அன்று காலைவரை நினைத்திருந்தேன்.
சொன்னதும் டாக்டர் மேருயெர்ட்
வாயிலிருந்த ரொட்டி சிதறச் சிரித்தார்.

இருக்கிறதாம்.
இங்கே பத்து என்றால் அங்கே ஏறக்குறைய ஒன்பது.
ஒரு கல்லை எறி, விழும்.
ஓங்கி எறி, தள்ளிப் போய் விழும்.
நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலே எறிந்தால்
அது விழ விழத்
தரையும் வளைந்து வளைந்து விலகிப்போகும்.
மிதக்கவில்லை அவர்கள்.
ஆறு மாதமாக விழுகிறார்கள்,
தரையைத் தவறவிட்டபடியே.

அப்படியென்றால் இன்று?

இன்று தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.
வேகத்தில் அறுபதில் ஒரு பங்கை
எஞ்சின் குறைக்கும்.
மீதியைக் காற்று தேய்த்தே தீர்க்கும்.

காற்றா?
என் தொப்பியை நாள் முழுக்கப் பிடுங்கும் இந்தக் காற்றா?

பத்தரைக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒரு குடை.
இடுப்பளவு உயரத்தில் ஒரு வெடி, புழுதி,
பிறகு
கருகிய பானையாய்ச் சாய்ந்து கிடந்தது.
பக்கத்தில் போனால் இன்னும் சுட்டது.

மூன்றாவதாக இறக்கியது ஸில்யே என்ற நார்வேக்காரியை.
என் கைகளுக்கு உடையோடு எழுபது கிலோ இருக்கும்.
அவளுக்கோ
தன் கட்டைவிரலே ஒரு சாமான்.
"தலையைத் திருப்பாதே" என்றார் டாக்டர்.
காதுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு,
எது கீழே என்று சொல்வது அவற்றின் வேலை;
ஆறு மாதம் சும்மா கிடந்துவிட்டு
இப்போது எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகின்றன.

நாற்காலியில் உட்காரவைத்துப் போர்த்தினோம்.
டாக்டரிடம் கண்ணால் கேட்டுவிட்டு
என் தகரக் குவளையில் கொஞ்சம் தேநீர் கொடுத்தேன்.
இரண்டு வாய் குடித்தாள்.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
கையசைக்க வேண்டுமே,
குவளையைக் காற்றில் வைத்துவிட்டு
கையை உயர்த்தினாள்.

கல்லில் பட்டு அது போட்ட சத்தத்தில்
கேமராக்காரர்கள்கூட நிமிர்ந்தார்கள்.
அவள் குனிய முடியாமல்
கீழே பார்த்தாள்,
ரொம்ப நேரம்.
"மன்னியுங்கள்," என்றாள் ருஷ்ய மொழியில்,
எனக்கா குவளைக்கா தெரியவில்லை.
தேநீர் விழுந்த இடத்தில்
ஜூசான் புல்லின் கசப்பு வாசனை கிளம்பியது.
அவள் கண்ணை மூடி அதை இழுத்துக்கொண்டாள்.

ஹெலிகாப்டர் அவர்களைக் கொண்டுபோனது.
குடையைச் சுருட்ட எங்களுக்குச் சாயங்காலம் ஆனது.

குவளை இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.
விளிம்பில் ஒரு நெளிவு.
ஒழுகவில்லை.
அந்தப் பக்கம் மட்டும் உதடு வைக்காமல்
குடிக்கிறேன்.