வியர்க்காதவன்

ஆகஸ்ட் மாதம். பஹ்லா சுகாதார நிலையம்.
தண்ணீர் லாரி முகாமிலிருந்து ஏழு பேரைக் கொண்டுவந்தார்கள்.
ஆறு பேர் பிழியாத துணிமூட்டை.
ஏழாமவன் மட்டும்
இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்றான்.

சுரப்பிக் கோளாறு என்று எழுதினார் டாக்டர்.
டிஜிட்டல் கருவி எண்ணே காட்டவில்லை.
அலமாரியின் பழைய கண்ணாடி வெப்பமானியைத் தேடியெடுத்து
அவன் நாக்கடியில் வைத்தேன்.
மூன்று நிமிடம்.
பாதரசம் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை.
மூன்று நிமிடமும் அவன் இமைக்கவில்லை.
செருப்புக்கும் தரைக்கும் நடுவே
என் அடையாள அட்டை நுழையும் இடைவெளி.

தேவர்க்கு வேர்வை இல்லை, இமைப்பு இல்லை,
அடி நிலம் தோயாது.
எங்கள் ஆட்களுக்கு இது பாலபாடம்.
எங்கள் ஆட்கள் என்றால்,
பெயர் அமலோற்பவம், பணி ஸ்டாஃப் நர்ஸ்,
எந்தப் படிவமும் கேட்காதது: சூனியக்காரி.

மஸ்கட் விமான நிலையத்தில்
மை டப்பாவைத் திறந்த அதிகாரியிடம் கண்மை என்றேன்.
எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு என்றேன்.
இரண்டும் பாதிப் பொய்தான்.

"பரியா, ஜின்னா?" என்று குனிந்து கேட்டேன்.
"உங்கள் ஃபார்மில் அப்படிக் கட்டமே இல்லையே" என்றான்,
எந்த ஊர்த் தமிழென்று சொல்ல முடியாத தமிழில்.
லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் பனிமயன்.

அப்புறம் வியாழன்தோறும் நோயில்லாமல் வந்தான்.
ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை கட்டினால்
உள்ளே காற்று முனகியது.
சந்தைக்குப் போனோம்.
அங்கே ஒரு மரத்தைச் சங்கிலியால் கட்டியிருப்பார்கள்,
ஜின்கள் பெயர்த்துக்கொண்டு போய்விடுமாம்.
அவன் கண்ணிகளைத் தடவி,
"இவ்வளவு பயமா எங்கள்மேல்?" என்றான்.

கட்டிப்போட எனக்கும் தெரியும்.
ஒரு முடி போதும், ஏழு முடிச்சு.
அவன் முடியொன்று என் சீருடைத் தோளில் ஒட்டியிருந்தது.
ஊதிவிட்டேன்.

ஒருநாள் சொன்னான்:
"எனக்கு வேர்வை வேண்டும்.
நண்பகல் ஓய்வில் லாரி நிழலில் எல்லாரும் படுக்கிறார்கள்.
என் பக்கம் யாரும் முகம் திருப்பிப் படுப்பதில்லை.
தண்ணீர்ப் புட்டி கைமாறி வரும்,
என்னைத் தாண்டிப் போய்விடும்."

வேர்வையை உண்டாக்க முடியாது.
ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குத் தரலாம்.
யாரிடமிருந்து என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பேரீச்சந்தோப்பு, ஃபலாஜ் வாய்க்கால், கணுக்கால் தண்ணீர்.
எலுமிச்சையைக் கத்தரிக்கோலால்தான் பிளந்தேன்.
அவன் நெற்றியில் மை, என் நெற்றியில் மை.
மந்திரம் கொஞ்சம்.
மிச்சத்தை உதடுகள் பார்த்துக்கொண்டன.
அவன் மேலுதட்டில் ஒரு துளி அரும்பியது.
பயந்து தொட்டான், நக்கிப் பார்த்தான்.
"உப்பு!" என்று கத்தினான் பாருங்கள்,
தோப்பிலிருந்த புறாக்கள் ஒன்றில்லாமல் பறந்தன.

இப்போது அவன் சட்டை முதுகில் உப்பு கரை கட்டுகிறது.
ஓஆர்எஸ் பொட்டலத்துக்கு வரிசையில் முண்டுகிறான்,
திட்டு வாங்குகிறான்.
முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கோ கைக்குட்டை தேவைப்படவில்லை.
சொட்டுமருந்துக்கு வந்த குழந்தை
என்னை முறைத்துத் தோற்று முதலில் இமைத்தது.
வெள்ளிக்கிழமை ருவியில் வாங்கிய மல்லிகைச் சரம்
புதன்வரை வாடவில்லை.
பெரிய சிஸ்டர் என் காலணியையே பார்க்கிறாள்.

நேற்று அவன்தான் வெப்பமானியை எனக்கு வைத்தான்.
மூன்று நிமிடம்.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
குப்பென்று வேர்த்தது அவனுக்கு.

இன்று சந்தையிலிருந்து வெள்ளிக் கொலுசு வாங்கி வந்திருக்கிறான்.
கனமான கண்ணிகள்.
திருகாணி இல்லை, சின்னப் பூட்டு.
அந்த மரம் நினைவுக்கு வந்தது.

தரைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில்
பாதத்தை நீட்டினேன்.
"கட்டு" என்றேன்,
"சாவியை இப்படிக் கொடு."