எட்டாம் நாள் இருட்டு

ஓட்டுத் துண்டின் அடிவயிற்றில் ஒட்டிய
அறுநூறு முட்டைக்கும் கண் வந்துவிட்டது.
வெள்ளிக் கண்.
டார்ச் அடித்தால் அறுநூறும் என்னைப் பார்க்கிறது.
அப்பன் துடுப்பால் விசிறிக்கொண்டே
செத்ததை மட்டும் பொறுக்கித் தின்கிறது.

இன்றிரவு பொரியும். இருட்டில்தான் பொரியும்.
ஜன்னலுக்குக் கோணி, கதவிடுக்குக்குப் பழைய புடவை.
அப்படியும் எதிர்வீட்டு எல்இடி பல்பு
முதுநகர்க் கொசுவையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு
என் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறது.

கார்த்திகை பிறந்து பதினோரு நாள்.
கெடிலம் செம்மண்ணாய் இறங்குகிறது.
முகத்துவாரத்தில் மொண்ட தண்ணீர்
உப்பு பதினெட்டைத் தாண்டவில்லை,
எனக்கு முப்பத்திரண்டு வேண்டும்.
பக்கத்தில் ஓடுவதன் பெயர் உப்பனாறு.
நான் கடன் சொல்லி உப்பு மூட்டை வாங்கி வருகிறேன்.

கோமாளி என்று பெயர் இதற்கு.
வைத்தவர் யாரோ.
இது சிரித்து நான் பார்த்ததில்லை.

என் கொழுந்தன் மாசிலாமணி
பாறைக்கு முங்கிப் பிடித்த காலத்தில்
இடுப்பில் ஒரு பாட்டில் தொங்கும். மாத்திரை கரைத்த தண்ணீர்.
கடல் சாமந்தி மேல் ஒரு பீச்சு.
மீன் மயங்கும், சாமந்தி சுருங்கும்,
பின்னாலிருந்த பவளம் சுண்ணாம்பாகும்.
பத்தில் நாலு பைக்குள்ளேயே சாகும்,
மூன்று, வாங்கினவர் வீட்டில்
விருந்தாளி வந்த அன்றைக்குச் சாகும்.
“நல்ல காசு அண்ணி” என்பான்.
இப்போது அவன் இடது காதில்
ஓயாமல் யாரோ சங்கு ஊதுகிறார்கள்.

என் முதல் ஜோடி அவன் கடைசியாய்க் கொண்டுவந்தது.
வலையில் பிடித்தேன் என்றான். கேட்டுக்கொண்டேன்.
நம்பினேனா என்பது நோட்டில் இல்லை.

நோட்டில் இருப்பது:
கடலிலிருந்து எடுத்தது இரண்டு.
ஏழு வருஷத்தில் விற்றது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
நாலாம் வருஷம் பெரியவள் போனாள்.
துணை சில நாள் தீனி தொடவில்லை,
பிறகு தின்றது, பெருத்தது, பெண்ணானது.
பக்கத்தில் விட்ட பொடியன்
அப்பனாகி ஓட்டைக் கழுவத் தொடங்கினான்.
இதை இந்தத் தெருவில் யாரிடம் சொல்ல.

கொளத்தூர் யாகூப் போனில் கேட்கிறான்:
“கடல் பிடிப்பாக்கா? வளர்ப்புன்னா கலர் அடிக்கலன்றாங்க.
வரி கோணலா இருந்தா அனுப்பு, ரெட்டை வெல.”
கோணல் வரிக்காரனைக் கடல்
எத்தனை நாள் விட்டுவைத்திருக்குமோ.
என் வீட்டில் அவன்தான் கரண்ட் பில் கட்டுகிறான்.

ஒரு முறை நிஜச் சாமந்தி ஒன்றை உள்ளே விட்டேன்.
மண்சட்டியில் பிறந்த பிள்ளைகள்
சட்டிக்குப் பின்னாலேயே ஒளிந்து கிடந்தன.
அஞ்சாம் நாள் ஒன்று மெல்லப் போய் உரசியது.
அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
எனக்குத்தான் அன்று கஞ்சி இறங்கவில்லை.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரே திட்டு.
நான் கேட்ட இருட்டு வந்துவிட்டது,
கூடவே காற்று நின்றுவிட்டது.
பேட்டரி பம்பு ரெண்டு கொப்புளம் விட்டு ஓய்ந்தது.
மாசிலாமணி சைக்கிள் பம்போடு ஓடி வந்தான்.
குழாயைத் தொட்டிக்குள் விட்டுக்
குனிந்து குனிந்து அடிக்கிறான்,
ஒரு காலத்தில் அரை மூச்சில் எட்டுப் பாகம் போனவன்.

கழன்றுகொண்டிருந்தன.
பார்க்க முடியாது. தெரிந்தது.
மூலையில் டார்ச்சை வைத்தேன்.
வெளிச்சத்தை நோக்கித் தூசி நகர்ந்தது,
தூசிக்குத் தூசி ரெண்டு கண்.
குவளையால் மொண்டு மொண்டு
பாசித் தண்ணீருக்கு மாற்றினேன். கை நடுங்கக் கூடாது.

“எத்தினி அண்ணி?”
கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டான்.
மறுபக்கம் போய் உரக்கச் சொன்னேன்:
“காலைல செத்தத எண்ணுவோம். மிச்சம்தான் கணக்கு.”
“ஆங்?” என்றான்.
பம்பை நிறுத்தவில்லை.