முப்பத்தொரு புள்ளி

செக்காலை ரோட்டில், பரோட்டாக் கடைக்கு மேல் மாடி,
என் அலுவலகம். ஒரு மேஜை, ஒரு இன்வெர்ட்டர்,
கீழேயிருந்து ஏறிவரும் கொத்துச் சத்தம்.
வருகிறவர்கள் முதலில் சுற்றிப் பார்ப்பார்கள்.
"எங்கேம்மா அந்த சர்வர்?"
மும்பையில் என்பேன்.
"நீங்க பார்த்திருக்கீங்களா?"
இல்லை.
பார்க்காத இடத்தை வாடகைக்கு எடுத்து
பார்க்காதவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறேன்.
இப்படிச் சொன்னால் போலீஸைக் கூப்பிடுவார்கள்,
ஆகவே வேறு மாதிரி சொல்வேன்.

உமையாளிடம் சொன்னது:
வாங்கிய பெயர் வெறும் பெயர்ப்பலகை.
பலகையை எதில் மாட்டுவீர்கள்?
உங்கள் சீப்புச் சீடையின் படம், விலை,
கால் கிலோவா அரைக் கிலோவா என்று கேட்கும் பெட்டி,
எல்லாம் ஏதாவது ஒரு கணினிக்குள் இருந்தாக வேண்டும்.
அது தூங்கவே கூடாத கணினி.
உங்கள் லேப்டாப்பில் வைத்தால்
நீங்கள் மூடிப் படுத்ததும் கடையும் படுத்துவிடும்.
டாலஸில் அப்போதுதான் பகல்,
உங்கள் அத்தை மகன் அதிரசம் கேட்டு உட்காருவான்.

"ஃபேஸ்புக்குல காசு கேக்கலையே" என்றாள்.
விற்கலாம், சந்தையில் துண்டு விரித்து விற்பதுபோல.
குத்தகைக்காரன் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும்.
கணக்குப் போட்டாள். மாதம் நூற்றைம்பது.
"எண்ணெய்ச் சட்டி கழுவுற சபீனாவுக்கே
அதைவிட ஆகுது. போடுங்க."

இவ்வளவு மலிவு எப்படி என்றுதான் யாரும் கேட்பதில்லை.
ஒரே கணினி, அதில் முப்பத்தொரு பேர்.
இந்த ஊரில் விளக்குவது சுலபம்:
ஒரே வளவு, புள்ளிக்கு ஓர் அறை, தனித்தனி உலை,
முற்றம் பொது.
டாட் காமிலும் ஒரு புள்ளி இருக்கே என்று
தன் ஜோக்குக்குத் தானே சிரித்த ஆடிட்டர்
இரண்டு அறை எடுத்துக்கொண்டார்.

இன்னொரு புள்ளி, பள்ளத்தூர் அருளப்பன்.
ரிடையர்டு கண்டக்டர். விற்க எதுவும் இல்லை.
தினமும் காலை ஆறு மணிக்கு ஊரணியில் நின்று
தண்ணீருக்கு வெளியே எத்தனை படி என்று எண்ணுவார்,
வந்து சைட்டில் ஏற்றுவார். பதினோரு வருடமாக.
"வெளியே ஒன்பது படி. ஒரு நாய் நீந்தியது."
"வெளியே ஒன்பது படி."
மாதம் மூன்று பேர் வருவதாக அறிக்கை சொல்லும்.
ஒருவர் அவரே.
இன்னொன்று தேடுபொறியின் எந்திரம்.
மூன்றாவது, கதவு திறக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் நான்.
இதை அவரிடம் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஓர் இரவு, பதினொன்று பத்துக்கு,
ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புள்ளி
இன்று மட்டும் இலவசம் என்று விளம்பரம் விட்டது.
பதினாறாயிரம் பேர் ஒரே முற்றத்தில் செருப்பைக் கழற்றினார்கள்.
மற்ற முப்பது அறைக்கும் போக வழியில்லை.
வக்கீல், பல் டாக்டர், சமையல் காண்ட்ராக்ட்,
எல்லாம் வெள்ளைத் திரை.
டாலஸில் அதிரசம் கூடையிலேயே நின்றது.
போன் அலறி நான் எழுந்து
ஜாதகத்தைத் தனிவீடு அனுப்பி முடிக்கையில்
பதினொன்று ஐம்பது. வெளியே நல்ல மழை.

காலையில் உமையாள் திட்டினாள், நியாயமாகத்தான்.
ஆடிட்டர் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார்.
பிறகு அருளப்பன்.
"ராத்திரி நாப்பது நிமிஷம் நம்ம சைட் இல்லையாமே?"
யார் சொன்னது?
"ஒருத்தர் மெயில் போட்டிருக்காரு. பேரு போடலை.
மழை வலுக்குது, படி பாக்க முடியலைன்னு."

பதிவேட்டைப் புரட்டினேன்.
மூடிய கதவைப் பதினாலு முறை தட்டியிருக்கிறது
ஒரே முகவரி எண்.
இத்தனை வருடமும் எந்திரம் என்று
நான் கணக்கில் வைத்திருந்த அதே எண்.

எந்திரத்துக்கு இவ்வளவு அவசரம் கிடையாது.

"இருக்கீங்களா?" என்றார் அருளப்பன்.
இருக்கேன், மன்னிச்சுக்கங்க, இனிமே ஆகாது என்று
யாரும் தரக்கூடாத வாக்கைத் தந்தேன்.
"சரி சரி. இன்னிக்கு நாலு படி. ஏத்திட்டேன்.
நீங்கதான் எப்படியும் பாப்பீங்களே" என்று
வைத்துவிட்டார்.