மே மாதத் தலைப்பு

மாதத்தின் முதல் சனிக்கிழமை
வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு சொல் எழுதுவார் பூன் தெக்.
அதன்பிறகு முப்பது நாளும்
அந்தச் சொல் என் கண்ணில் வாடகைக்கு இருக்கும்.

ஜனவரியில் 'சிவப்பு'.
பாலத்தில் வரிசை கட்டிய பிரேக் விளக்கு,
சீனப் பெருநாள் தோரணம்,
மீன்குழம்பில் மிதந்த மிளகாய்.
பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் வாங்கிவந்த சட்டை
பச்சை என்பதையே
பிப்ரவரியில்தான் கவனித்தேன்.

பிப்ரவரியில் 'கதவு'.
பதினேழு பேர், இருபத்தொரு படம்;
அதில் ஒன்பது
ஆர்மேனியன் ஸ்திரீட்டில் அதே நீலக் கதவு.
வீட்டுக்காரக் கிழவர் சரோங்கோடு எட்டிப் பார்த்து
"இன்னும் எத்தனை பேர் பாக்கி?" என்று கேட்டாராம்.
அந்த முகத்தை ஒருவரும் எடுக்கவில்லை.
தலைப்பு கதவு அல்லவா.

மார்ச்சில் 'பறவை'.
டாக்டர் சிவனேசனின் லென்ஸ் என் முழங்கை நீளம்.
அவருடைய மீன்கொத்தியின் கண்ணுக்குள்
ஒரு குளமே தெரிந்தது.
என் காக்கை கொஞ்சம் ஆடிவிட்டது.
பத்துக்கு நாலு.

ஏப்ரலில் இரவு ஷிப்ட். ஒன்றும் கொடுக்கவில்லை.

எனக்குத் தொழிலே பார்ப்பதுதான்.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
மைக்ரோஸ்கோப்புக்கு அடியில்
நகத்திலும் சிறிய சில்லு,
அதில் முடியிலும் மெல்லிய கம்பி.
பிசகைத் தேட எனக்குச் சம்பளம்.
அழகைத் தேட
மாதம் இருபது வெள்ளி நானே கட்டுகிறேன்.

மே மாதம் 'தண்ணீர்' என்று எழுதினார்.
மறுவாரமே எங்கேயோ பெரிய குழாய் வெடித்தது.
நாலு நாளைக்கு வராது என்று கைப்பேசியில் செய்தி.

அதற்குள் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள்.
சிவனேசன் அருவிக்கு.
கமாரியா பத்து ஃபெரிங்கியில் விடிகாலை அலைக்கு.
நானும் ஞாயிறு போவதாகத்தான் இருந்தேன்.

ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு
லிஃப்ட் பதினோராம் மாடியில் திறந்தது.

நடைபாதை முழுக்க வாளி.
ரொகாயா மாக்சிக்கின் பெயிண்ட் டின்,
ஆ ஹியோங் வீட்டு மீன்தொட்டி
(மீன் எங்கே என்று நான் கேட்கவில்லை),
யாருடையதோ குழந்தை குளிக்கும் தொட்டி,
மூடியில்லாமல் எங்கள் பொங்கல் பானை.
ஒவ்வொன்றிலும் மார்க்கரால் வீட்டு எண்.
லாரி எட்டுக்கு வரும் என்றார்கள்.
எட்டு என்றால் பத்து என்று
வாளிகளுக்கும் தெரிந்திருந்தது.

கிழக்கிலிருந்து வெயில்
கைப்பிடிக் கம்பிகளுக்குள் நுழைந்து
ஒன்றில் கால்வாசி,
ஒன்றில் அரைவாசி,
பானையில் மட்டும் விளிம்பு வரை
ஊற்றிக்கொண்டிருந்தது.

தரையில் படுத்தேன்.
சீருடை அழுக்காயிற்று, துவைக்க வழியில்லை.
நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து
ஆ ஹியோங்கின் மகன் கை நீட்டினான்.
"கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, நிழல் விழுது."

நடுவர் அலோர் ஸ்டாரிலிருந்து வந்திருந்தார்.
அருவிக்கு எட்டரை. அலைக்கு எட்டு.
என் படத்தின் முன்னால்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.
"வெளிச்சம் நல்லா இருக்கு.
ஆனால் தண்ணீர் எங்கே?"

சபை அமைதி.
பின்வரிசையில் ரெலாவ் ஃப்ளாட் காசிமுத்து,
அதே வாரம் அதே லாரிக்கு நின்றவர்,
அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.
"நாங்களும் நாலு நாளா
அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம் சார்."

பத்துக்கு ஐந்து.
'தலைப்பை விட்டு விலகியுள்ளது' என்று குறிப்பு.
காக்கையைவிட ஒன்று கூட.

பானையில் எழுதிய 11-06
எத்தனை தேய்த்தும் போகவில்லை.
அடுத்த தைக்கு அதோடுதான் பொங்கும்.

பூன் தெக் பலகையைத் துடைத்து
ஜூனுக்கு 'முகம்' என்று எழுதினார்.
சிவனேசன் உடனே லென்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஞாயிறு ஆர்மேனியன் ஸ்திரீட் போகிறேன்.
கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.
முதலில் அந்த நீலக் கதவைத்
தட்ட வேண்டும்.