இரண்டு விரல்

எந்த நீரிணை என்று பெயர் சொல்லமாட்டேன்.
அங்கே கரையில் துப்பாக்கியோடு நிற்பவன்
போகிற கப்பலிடம் காசு கேட்கிறான்.
அவன் கேட்டால்
இங்கே போர் லூயியில் எனக்குச் சோறு.

எரிபொருள் படகில் அளவு பார்க்கிறவன் நான்.
பித்தளைக் குண்டு கட்டிய நாடாவைத்
தொட்டிக்குள் இறக்கி,
எண்ணெய் நனைத்த இடத்தைப் படித்துச் சொல்வது வேலை.
சுற்றுவழியாக வரும் கப்பல்கள்
பதினொரு நாளைக்குக் கூடுதலாகக் குடிக்கின்றன.

கொடியைப் பார்த்துத்தான் அங்கே விலை.
சிலர் கொடுத்தால் போகலாம்,
சிலர் கொடுத்தாலும் போகக்கூடாது,
சிலருக்குக் கை அசைத்து வழி விடுகிறார்களாம்.
மே மாதம் பேச்சுவார்த்தை என்றார்கள், விலை இறங்கியது.
எங்கள் நங்கூரத் துறை
திருவிழா முடிந்த மைதானம் போல் கிடந்தது.
கைலாசன் கோவில் மீனாட்சி முன்னால் நின்று
பிள்ளைகளுக்காக எதையோ கேட்கப் போனவன்
கேட்டுவிட்டேன்:
அந்த விலை கொஞ்சம் ஏறட்டும் தாயே.
செவ்வாய்க்கிழமை ஏறியது.
வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே
எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

இருபத்தாறு கப்பல் வந்து நின்றன.
மாலுமிகளைக் கரைக்குக் கொண்டுவரும் சில்வியோ
படகுக் கூலியை இரட்டிப்பாக்கினான்.
துறைமுக வாசலில் தால்பூரி விற்பவள்
ஐந்து ரூபாய் கூட்டினாள்.
வானொலியில் யாரோ ஒரு அமைச்சர்,
நம் கடலைத் தாண்டிப் போகிறவர்களிடம்
நாமும் வாங்கினால் என்ன, என்றார்.
அலுவலகமே சிரித்தது.
கம்பத்தை எங்கே நடுவது?
மேற்கே மடகாஸ்கர் வரை தண்ணீர்,
தெற்கே பனிக்கட்டி வரை தண்ணீர்.
வாசல் வைக்க இரண்டு கரை வேண்டும்.
தனித் தீவுக்கு அந்த யோகம் இல்லை.

அப்படித்தான் நினைத்திருந்தேன்,
அந்தத் துருப்பிடித்த தானியக் கப்பல் வரும்வரை.
இரண்டாம் எஞ்சினியர்
என் சட்டையில் தைத்திருந்த பெயரை எழுத்துக் கூட்டினார்:
"பரியாத்தும்பி? இது என்ன சாதிப் பூச்சி?"
பெரியதம்பி, என்றேன்.
பிரெஞ்சுக் குமாஸ்தாவின் மையில் ஊறிப்போனது.
அவர் மணப்பாடு. ரெமிஜியுஸ்.
என் தமிழ் சனிக்கிழமை வகுப்பில் வாங்கியது,
ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கவேண்டும்.
அவர் பேசியதில் பாதி காற்றோடு போனது,
மீதிப் பாதி புரிந்தது:
தங்கச்சி கல்யாணம் பன்னிரண்டாம் தேதி;
கப்பல் அன்றைக்கும் தண்ணீரில்தான் இருக்கும்.
"மொதலாளி கணக்குப் போட்டாம்பா.
சுங்கத்தவிட எண்ணெய் மலிவு.
எண்ணெயவிட நான் மலிவு."

சிரித்தார். நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே நாடாவை இறக்கி
ஏற்றுவதற்கு முன்பான அளவை,
வழக்கம்போல,
இரண்டு விரல் கூட்டிப் படித்தேன்.

இரண்டு விரல் என்றால் நான்கு டன்னுக்குக் கிட்ட.
கால் பங்கு எனக்கு.
மீதி எனக்கு மேலே ஏறிப் போகும்,
எவ்வளவு உயரத்துக்கு என்று
நான் கேட்டதில்லை.

அவர் நாடாவைப் பார்த்தார்.
நாடாவின்மேல் இருந்த என் விரலைப் பார்த்தார்.
பதினெட்டு வருடம் எந்திர அறையில் வெந்தவருக்கு
எண்ணெய் எங்கே நின்றது என்று தெரியாதா.
மறுத்தால் சர்வேயர் வரவேண்டும், மூன்று நாள் நிற்கவேண்டும்,
பன்னிரண்டு போய்
பதினைந்தும் போகும்.

கையெழுத்துப் போட்டார்.
பேனாவைத் திருப்பித் தரும்போது சொன்னார்,
கோபமாகக்கூட இல்லை:
"போன தடவ அங்கன வாங்கினவன்
ரசீது குடுத்தாம்பா."

ரசீதுப் புத்தகம் என் கையில்தான் இருந்தது.
மூன்று பிரதி, நடுவில் நீலத் தாள்.
தேதி, கப்பல், கொடி, டன், வெப்பநிலை எல்லாவற்றுக்கும்
கட்டம் போட்டிருக்கிறார்கள்.