ரெண்டரை அங்குலம்

பதினோராம் வளைவு தாண்டி
பாதைக்குக் குறுக்கே கிடக்கிறது ஒரு பாறை முதுகு.
வெட்ட முடியாது, பாதி மலை அதற்கு வேர்.
ஒதுங்க முடியாது, இடப்பக்கம் ஓடை,
வலப்பக்கம் ஒன்றுமில்லை.

ஒன்பது வருடமாய்
முன் சக்கரம் ஏறி இறங்கியதும்
என் ஜீப்பின் வயிறு போய் அதன்மேல் உட்காரும்.
டணங்.
மூட்டைகள் ஒருமுறை எழுந்து அமரும்.
மாதம் ஒரு தரம் கியர்பாக்ஸ் அடியில் பற்றவைப்பு.

இந்தப் பங்குனியில் சௌசௌவுக்கு விலை வந்தது.
கையில் காசு நின்ற அன்றே
பண்ணைக்காட்டுக்கு இறக்கினேன் வண்டியை.

"எவ்வளவு தூக்கணும்?" என்றார் கமாலுதீன்.
பாறையின் உயரத்தைச் சாக்குக் கயிற்றில்
முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.
கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"ரெண்டரை அங்குலம்.
அதுக்கு மேல நீ கேட்டா
வளைவு உன்னைக் கேக்கும்."

யூ போல்ட்டுகள் அசையவில்லை.
டீசல் ஊற்றிவிட்டு டீ குடித்தோம்,
ஸ்பானரில் குழாயைச் செருகி இருவர் தொங்கினோம்,
கடைசியில் அறுத்தோம்.
பழைய பட்டைகள் கழன்று விழுந்தன,
வளைவெல்லாம் போய், ஸ்கேல் மாதிரி.
"இதுலயா இத்தனை நாள் உக்காந்து வந்தே?"

புதுப் பட்டை வத்தலக்குண்டிலிருந்து
கோணி சுற்றி பஸ்ஸில் வந்தது,
கண்டக்டரிடம் முழு டிக்கெட் வாங்கி.
சேக்கிள் நீண்டது, ஷாக் நீண்டது.
பிரேக் ஹோஸ் மட்டும் எட்டவில்லை.
"தூக்குறவன் பூரா பாறையத்தான் நெனைப்பான்,
நிக்கிறத நெனைக்க மாட்டான்"
என்று அதையும் மாற்றினார்.
அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது,
அதன்மேல் இருக்கும் நாம்தான்
உயரப் போயிருக்கிறோம்.

ஏறி உட்கார்ந்தேன்.
பானெட்டுக்கு அப்பால்
சாலை கொஞ்சம் குறைந்திருந்தது,
வானம் கொஞ்சம் கூடியிருந்தது.
முதல் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய
பள்ளத்துச் சில்வர் ஓக் உச்சிகள்
ஜன்னலுக்கு வந்து விசாரித்தன.
பல்லைக் கடித்து இரண்டாவது கியருக்கு இறங்கினேன்.

பாறை.
தோளைக் குறுக்கிக் காத்திருந்தேன்.
ஒன்றுமில்லை.
நிறுத்தி, குனிந்து பார்த்தேன்.
பாறைக்கும் வயிற்றுக்கும் நடுவே
ஒரு தீப்பெட்டி நிற்கும், செங்குத்தாய்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
ஓடைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் ஏறினார்கள்.
ஊத்து நிறுத்தத்தில் கோட்டைச்சாமி,
காப்பித் தோட்டக் காவல்,
மடங்காத இடது கால்.
எப்போதும்போல் வலது காலைத் தூக்கினார்.
விரல் பட்டது தகரத்தின் விளிம்பில்.
மறுபடியும்.
மூன்றாம் முறை, குடையை உள்ளே எறிந்துவிட்டு
நெஞ்சை வைத்து ஊர்ந்து ஏறினார்,
யார் முகத்தையும் பார்க்காமல்.

பிரிசில்லா டீச்சர்
பள்ளிக்கூட நிறுத்தம் தாண்டியும்
தூங்கிக்கொண்டே போனார்.
கடைசித் தோட்டத்தில்தான் வண்டி திரும்பும்.
விழித்ததும் என்னைத்தான் திட்டினார்:
"சத்தம் வந்தாத்தானே எந்திரிப்பேன்?
இன்னைக்கு ஏன் இடிக்கல நீங்க?"
பதினான்கு பிள்ளைகள் பூட்டிய கதவடியில்
ஒப்பிக்காத வாய்ப்பாட்டோடு
சந்தோஷமாய் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று இரவே கமாலுதீனுக்குப் போன் போட்டேன்.
பழைய மெயின் பட்டையில் ஒன்றை அறுத்து
பின்கதவின் கீழே படி வைத்துக் கொடுத்தார்.
நெளிந்த இரும்பு, நன்றாகத் தாங்குகிறது.
கோட்டைச்சாமி முதல் நாள்
இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார்,
பிறகு புகையிலையைத் துப்பிவிட்டு
காசு எண்ணிக் கொடுத்தார்.

இப்போது பின் சக்கரம் பாறையை விட்டு இறங்கும்போது
அந்தப் படி மட்டும் தொட்டுவிட்டு வருகிறது.
டிங்.

டீச்சருக்கு அது போதவில்லை.
கோட்டைச்சாமி குடைக்காம்பை நீட்டி
அவர் சோற்றுக்கூடையைத் தட்டுகிறார்.