நீடாமங்கலம் தாண்டி

பக்கவாதம் வந்த ஒன்பதாம் நாள்
முதலில் திரும்பிய சொல் சில்லறை.
கஞ்சி ஊட்டினால் சில்லறை,
மூத்திரம் முட்டினால் சில்லறை,
ஊசி போட வந்த பெண்ணிடம்
கண் தளும்பத் தளும்ப, சில்லறை, சில்லறை.
வார்டே சிரித்தது. நானும்தான்.
பிறகு மாடிப்படி மறைவுக்குப் போனேன்.

பேச்சுப் பயிற்சி தருகிற ஹெப்சிபா
"பாடுவாரா?" என்றாள்.
சாமி முன்னால்கூட வாய் திறக்காத மனுஷன்.
"வேலை?"
கும்பகோணம் மன்னார்குடி தடத்தில்
இருபத்தியோரு வருஷம் கண்டக்டர்.
அவள் பேனாவை மூடினாள்.
அவருடைய இடது கையை எடுத்து
கட்டில் கம்பியில் தட்ட வைத்தாள்.
டொக். டொக்.
"கும்போணம்..."

அவள் இழுத்த இழுப்பு தப்பு.
அது பொறுக்காமல்தான் அவர் வாய் திறந்தது என்று
இன்றைக்கும் நினைக்கிறேன்.
கும்போணம் கும்போணம் சாக்கோட்ட
வலங்கமான் ஆலங்குடி நீடாமங்கலம்
மன்னார்டி ஏய் மன்னார்டி.
கோணிய வாயில் ஒரு ஊர் குறையவில்லை.
'நீடா'வில் மேலே ஏறி
'மங்கலம்' என்று படியிறங்கும் அதே மெட்டு.
பக்கத்துக் கட்டில்காரர்
துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார்.

டாக்டர் ஏதோ படம் காட்டினார்.
எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்:
பேச்சு பாய்கிற வாய்க்கால் தூர்ந்துவிட்டது,
பாட்டுக்கு மதகு வேறு.

இப்போது வீட்டில்
தண்ணீர் வேண்டுமென்றாலும்
கும்பகோணத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும்.
நடுவில் ஏற அவருக்கு வராது.
ஆலங்குடி தாண்டி
நீடாமங்கலத்தின் மெட்டில்
"தண்ணி வேணும்" என்று இறங்குகிறார்.
அதுவரை செம்போடு எதிரில் நின்றாலும்
கொடுக்கக்கூடாது, ஹெப்சிபா உத்தரவு.
சாக்கோட்டையில் இருமல் வந்தால்
மறுபடி முதலிலிருந்து.
எனக்குக் கோபம் வரும்.
அடுப்பில் பால் பொங்கி வழியும்.

என் பெயர் குமுதவல்லி.
இருபத்தாறு வருஷத்தில் அவர் அதைச் சொன்னதில்லை.
இந்தா, ஏய், அடியே,
மூன்றே போதுமாயிருந்தது.
மூன்றும் போய்விட்டன.
வேண்டிய சொல் ஐந்து எழுதுங்கள் என்று
நோட்டை நீட்டினாள் ஹெப்சிபா.
தண்ணி, வலி, ஒண்ணுக்கு, ஃபேன்
எழுதி மூடிவிட்டேன்.
அடுத்த வாரம் பார்த்தால்
ஐந்தாவது வரியில் அவள் கையெழுத்து.

நேற்று மதியம் கரண்ட் இல்லை.
நாற்காலிக் கைப்பிடியில் தட்டத் தொடங்கினார்.
டிக்கெட் கிழித்த வலது கை
மடியில் யாருடையதோ போலக் கிடந்தது.
கும்போணம். சாக்கோட்ட. வலங்கமான்.
ஆலங்குடி.
நீடாமங்கலம் தாண்டிக்
கை நின்றது.

கு, என்றார்.

கு.

மறுபடி கும்பகோணமா, நானா,
தெரியவில்லை.
கை காட்டத் தோன்றாமல்
ரோட்டோரத்தில் நிற்கிறவள் மாதிரி
நின்றேன்.